ஃபயர்வாலை ஆன் செய்தே திருப்பிக் கொடுங்கள்

விழுப்புரம், திண்டிவனம் கணினிக் கடைக்காரர்களுக்கும் சர்வீஸ் செய்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

விழுப்புரம் நேருஜி சாலையிலும், திண்டிவனம் நேரு வீதியிலும், இரண்டு ஊர்களின் சந்துகளிலும் கணினி விற்கிற, சர்வீஸ் செய்கிற நண்பர்களே,

இதை நான் மைக்ரோசாஃப்டுக்கு எழுதவில்லை, ஆன்ட்டிவைரஸ் கம்பெனிகளுக்கும் எழுதவில்லை. நம் பக்கத்து வீட்டுக் கணினிகளில் எது ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்று முடிவு செய்பவர்கள் நீங்கள்தான். மயிலத்திலிருந்தும் வளவனூரிலிருந்தும் பிள்ளைக்கு லேப்டாப் வாங்க வருகிற அப்பா செட்டிங்ஸைத் திறந்து பார்க்கப் போவதில்லை. "எது நல்லதோ அதப் போட்டுக் குடு தம்பி" என்று சொல்லிவிட்டு எதிர்க்கடையில் டீ குடிக்கப் போய்விடுவார். அந்தச் சொல்லோடு அவர் தன் வங்கிக் கணக்கையும், மகளின் சான்றிதழ்களையும், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் நகலையும் உங்கள் கையில் ஒப்படைத்துவிட்டார். அந்த நம்பிக்கையின் பெயரால்தான் உங்களிடம் சில விஷயங்களை நேராகப் பேச வருகிறேன்.

நான் திண்டிவனத்தில் இருக்கிறேன். கணினி கற்பிப்பது என் தொழில். அக்கம்பக்கத்தில் கூப்பிட்டால் போய்ப் பார்ப்பேன். சர்வீஸ் முடிந்து வீடு வந்த கணினிகளில் இரண்டு நிலைகளை அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று, விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்தால் டொமைன், பிரைவேட், பப்ளிக் மூன்றிலும் ஃபயர்வால் ஆஃப். இன்னொன்று, விண்டோஸுக்கு மேலே ஏதோ ஒரு 'டோட்டல் செக்யூரிட்டி' உட்கார்ந்திருக்கும். அதன் உரிமம் முடிந்து மாதக்கணக்காகியிருக்கும். கணினியை இப்போது காப்பது எது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. முதல் வீட்டில் காவலே இல்லை. இரண்டாவது வீட்டில் காவலுக்குக் காசு வாங்கியாகிவிட்டது, காவல் இருக்கிறதா என்று சொல்ல ஆளில்லை. இரண்டையும் சரிசெய்ய உங்களால் மட்டும்தான் முடியும்.

ஏன் ஆஃப் செய்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். மாடியில் இருக்கிற சிஸ்டத்திலிருந்து கீழே இருக்கிற பிரிண்டருக்குப் பிரிண்ட் போகவில்லை என்று வாடிக்கையாளர் நிற்பார். டேலி இரண்டாவது கணினியில் டேட்டாவை எடுக்கவில்லை என்று நெல் மண்டிக்காரர் போனில் கத்துவார். கேமரா படம் வரவில்லை என்று இன்னொருவர். கடையில் நான்கு பேர் காத்திருக்கும்போது ஒவ்வொரு விதியாகத் தேடி எழுத நேரமில்லை. ஃபயர்வாலை ஆஃப் செய்து பார்க்கிறீர்கள், பிரிண்ட் வந்துவிடுகிறது. சோதனைக்காக ஆஃப் செய்து பார்ப்பதில் குற்றமே இல்லை, கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க அது நல்ல வழி. அதன் பிறகு மறுபடி ஆன் செய்யாமல் கணினியைப் பையில் போட்டுக் கொடுப்பதுதான் என் குறை. வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிந்தது பிரிண்ட் மட்டும். தெரியாமல் போனது அடுத்த ஃபார்மட் வரைக்கும் அப்படியே கிடக்கும்.

உங்களில் மூத்தவர்களுக்கு 2003 ஆகஸ்ட் நினைவிருக்கும். எக்ஸ்பி போட்ட கணினியில் இணையத்தை இணைத்த சிறிது நேரத்தில், 60 வினாடியில் சிஸ்டம் அணைந்துவிடும் என்று ஒரு பெட்டி வந்து எண்ணத் தொடங்கும். அது பிளாஸ்டர் வார்ம். யாரும் எந்த மெயிலையும் திறக்கவில்லை, எந்த சிடியையும் போடவில்லை. இணையத்தில் இருந்ததே போதுமாக இருந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் ஜூலை நடுவிலேயே வெளியாகியிருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். இதில் மனதை உறுத்துவது வேறொன்று. எக்ஸ்பிக்குள் அன்றைக்கே ஒரு ஃபயர்வால் இருந்தது. அது ஆஃப் நிலையில் வந்தது, எங்கே இருக்கிறது என்று பெரும்பாலோருக்குத் தெரியாது. 2004 ஏப்ரல் கடைசியில் சாசர் என்ற அடுத்த வார்ம் அதே முறையில் பரவியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2-இல்தான் ஃபயர்வாலை ஆன் நிலையிலேயே கொடுத்தார்கள். உலகம் முழுக்க லட்சக்கணக்கான கணினிகள் அடிபட்ட பிறகு வந்த ஏற்பாடு அது. அதைத்தான் நாம் ஒரு பிரிண்டருக்காக அணைத்துவிட்டுப் போகிறோம்.

அதெல்லாம் பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2017 மே 12, வெள்ளிக்கிழமை. வான்னாக்ரை பரவியது. ஃபைல் ஷேரிங்குக்குப் பயன்படும் 445-ஆம் போர்ட் வழியாகக் கணினியிலிருந்து கணினிக்குத் தாவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாட்டின. பிரிட்டனில் மருத்துவமனைகள் நின்றன. நமக்குப் பக்கத்தில் ஆந்திரக் காவல்துறையின் கணினிகளும், கேரளத்தில் வயநாட்டு ஊராட்சி அலுவலகக் கணினிகளும் அடிபட்டன. இதற்கும் பேட்ச் இரண்டு மாதம் முன்னால், மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. பேட்ச் போடாத கணினியாக இருந்தாலும், 445-க்கு உள்ளே வரும் இணைப்பை ஃபயர்வால் தடுத்திருந்தால் அந்த வார்ம் நெட்வொர்க் வழியாக அதற்குள் நுழைந்திருக்க முடியாது.

உங்கள் பதிலை நான் ஊகிக்கிறேன். "இப்பல்லாம் எல்லா வீட்டுலயும் ரூட்டர் இருக்கு சார். வெளியிலிருந்து யாரும் நேரா சிஸ்டத்துக்கு வர முடியாது." பாதி சரி. பழைய பிராட்பேண்டில் மோடத்தை பிரிட்ஜ் முறையில் வைத்து, கணினியிலிருந்தே டயல் செய்த நாட்களில் கணினி நேரடியாக இணையத்தின் முன் நின்றது. இன்று ரூட்டர் நடுவில் இருக்கிறது, வெளியிலிருந்து தானாக வரும் பெரும்பாலான இணைப்புகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. ஆனால் மூன்று காரணங்களால் அதை மட்டும் நம்ப முடியாது.

முதலாவது, ரூட்டரே விழக்கூடும். 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்களின் மோடங்களை ஒரு மால்வேர் தாக்கியது. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல், பயனர் பெயரும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின் என்று விட்டிருந்த மோடங்கள்தான் அதற்கு இரையாயின. பல்லாயிரக்கணக்கான மோடங்கள் முடங்கியதாக அப்போது செய்தி வந்தது. பாஸ்வேர்டை மாற்றும்படி வாடிக்கையாளர்களை நிறுவனம் கேட்டுக்கொண்டது. இன்றைக்கும் நம் தெருக்களில் ஃபைபர் இணைப்பு கொடுத்துவிட்டுப் போன பிறகு எத்தனை வீட்டில் அந்தப் பாஸ்வேர்டை யாராவது மாற்றியிருக்கிறார்கள்?

இரண்டாவது, ஐபிவி6. பழைய ஐபிவி4 முகவரி முறையில் வீடு முழுவதற்கும் ஒரே வெளி முகவரி. அதனாலேயே உள்ளே இருக்கும் கணினி மறைந்திருந்தது. ஐபிவி6-இல் ஒவ்வொரு கணினிக்கும் போனுக்கும் உலகம் அறியும் தனி முகவரி கிடைக்கிறது. ஐபிவி6 பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்வரிசையில் இருக்கிறது. ரூட்டரில் ஐபிவி6-க்கான தடுப்பு சரியாக இருந்தால் நல்லது. எந்த ரூட்டரில் அது இருக்கிறது, எதில் இல்லை என்று நாம் ஒவ்வொரு வீட்டிலும் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. கணினியின் சொந்த ஃபயர்வால் ஆன் ஆக இருந்தால் அந்தக் கவலை பெருமளவு குறையும்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆபத்து வீட்டுக்குள்ளேயே வருகிறது. சென்னையில் ஹாஸ்டலில் இருந்துவிட்டுப் பொங்கலுக்கு ஊர் வரும் பிள்ளையின் லேப்டாப், விருந்தாளியின் போன், மலிவு விலைக் கேமரா, டிவி பாக்ஸ் எல்லாமே ஒரே வைஃபையில் சேருகின்றன. அவற்றில் ஒன்று கெட்டிருந்தால் மற்றவற்றை அது ரூட்டருக்கு உள்ளே இருந்தபடியே தட்டிப் பார்க்கும். அதைத் தடுக்க அந்தந்தக் கணினியின் ஃபயர்வாலை விட்டால் வேறு ஆளில்லை. அதே லேப்டாப் ஹாஸ்டல் வைஃபைக்கும் ரயில் நிலைய வைஃபைக்கும் போகும்போது உங்கள் ரூட்டர் கூடப் போவதில்லை. நீங்கள் ஆஃப் செய்து கொடுத்த ஃபயர்வால்தான் கூடப் போகிறது.

இப்போது இரண்டாவது குறைக்கு வருகிறேன்: வெளிக் கம்பெனி ஃபயர்வால். "விண்டோஸ்ல வர்றது சும்மா சார், தனியா ஒண்ணு போட்டாத்தான் பாதுகாப்பு" என்று கவுண்டரில் சொல்லப்படுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் இந்தப் பேச்சு முழுக்க நியாயமானது. எக்ஸ்பியின் ஃபயர்வால் உள்ளே வருவதை மட்டும் பார்த்தது, வெளியே போவதைக் கண்டுகொள்ளவே இல்லை. அந்த நாளில் ஸோன்அலாரம், சைகேட், அவுட்போஸ்ட், கொமோடோ போன்றவை கொடுத்தது விண்டோஸில் இல்லாத ஒன்று. எந்த மென்பொருள் இணையத்துக்கு வெளியே போக முயன்றாலும் நிறுத்திக் கேட்கும். விவரம் தெரிந்தவர்கள் அவற்றை விரும்பிப் போட்டார்கள். சரியாகத்தான் செய்தார்கள்.

அந்த நிலைமை 2007-இல் விஸ்டாவோடு மாறிவிட்டது. அதிலிருந்து விண்டோஸ் ஃபயர்வால் உள்ளே, வெளியே என்று இரு திசைக்கும் விதி எழுத இடம் கொடுக்கிறது. எந்த மென்பொருளுக்கு, எந்தப் போர்ட்டில், எந்த முகவரியிலிருந்து, வீட்டு நெட்வொர்க்கிலா பொது நெட்வொர்க்கிலா என்று தனித்தனியாகச் சொல்லலாம். அதற்கு அடியில் விண்டோஸ் ஃபில்டரிங் பிளாட்ஃபார்ம் என்ற அடித்தளம் அமைந்தது. இன்று விண்டோஸுக்கென்று விற்கப்படும் ஃபயர்வால்களில் பல அதே அடித்தளத்தின் மேல்தான் நின்று வேலை செய்கின்றன. உள்ளே வருவதைத் தடுக்கும் காரியத்தில், வீட்டுக் கணினி அளவில், ஒழுங்காக ஆன் ஆகியிருக்கும் விண்டோஸ் ஃபயர்வாலைவிட வெளிக் கம்பெனிப் பொருள் பெரிதாக எதையும் கூட்டித் தந்துவிடுவதில்லை.

மிச்சமிருக்கும் உண்மையான வித்தியாசம் ஒன்று உண்டு, அதை நான் மறைக்கப் போவதில்லை. விண்டோஸ் ஃபயர்வால் வெளியே போவதைத் தடுக்கக் கூடியது என்றாலும், இயல்பு நிலையில் தடுக்காது. எல்லாவற்றையும் போக விடும், கேட்கவும் கேட்காது. வெளிக் கம்பெனி ஃபயர்வால்களில் பல கேட்கும், அல்லது தாமே தீர்மானித்துத் தடுக்கும். எந்த மென்பொருள் எங்கே பேசுகிறது என்று படம் போட்டுக் காட்டுவதும் உண்டு. இது பயனுள்ள வசதிதான். ஆனால் யாருக்குப் பயன்? திரையில் ஓர் ஆங்கிலக் கேள்வி வருகிறது: இன்ன கோப்பு இன்ன முகவரிக்குப் போக முயல்கிறது, விடலாமா? செஞ்சி ரோட்டு வீட்டில் மகனோடு வீடியோ கால் பேச உட்காரும் அம்மா அந்தக் கேள்வியை என்ன செய்வார்? முதல் முறை பயந்து தடுப்பார், வீடியோ கால் நின்றுபோகும். உங்களுக்குப் போன் வரும். "எது வந்தாலும் அலவ் குடுத்துடுங்கம்மா" என்பீர்கள். அன்றோடு அந்தக் கேள்விக்கு அர்த்தமில்லாமல் போய்விடுகிறது. பதில் சொல்லத் தெரிந்தவருக்கு மட்டும்தான் கேட்கிற ஃபயர்வால் காவல். அப்படித் தெரிந்தவருக்கும், டைனிவால் போல விண்டோஸில் உள்ள அதே அடித்தளத்தைப் பயன்படுத்திக்கொண்டு வெளியே போவதைக் கட்டுப்படுத்தும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அதைச் சொல்லிக் கொடுக்கலாம்.

வெளிக் கம்பெனிப் பொருளைப் போடும்போது கூடவே வரும் சுமைகளையும் வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும். காவலுக்கு வைத்த மென்பொருளிலேயே ஓட்டை இருந்த கதைகள் உண்டு. 2004 மார்ச்சில் விட்டி என்ற வார்ம் பிளாக்ஐஸ் என்ற ஃபயர்வாலின் பிழை வழியாகவே நுழைந்தது. அந்தப் பிழை வெளியே தெரிந்து இரண்டு நாளுக்குள் பரவி, சுமார் 12,000 கணினிகளைத் தொற்றி, ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்தது. அந்த ஃபயர்வாலைப் போடாதவர்கள் அதில் தப்பித்தார்கள், போட்டவர்கள் இழந்தார்கள். 2008 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் ஒரு முக்கியமான பாதுகாப்பு அப்டேட்டை வெளியிட்டதும் ஸோன்அலாரம் போட்டிருந்தவர்களுக்கு இணையமே நின்றுபோனது. விண்டோஸ் மாறியதை அந்த ஃபயர்வால் எதிர்பார்த்திருக்கவில்லை. கம்பெனி கைமாறினால் பொருள் நின்றுபோவதும் நடந்திருக்கிறது. சைகேட்டை 2005-இல் சைமான்டெக் வாங்கியது, சைகேட் ஃபயர்வால் நிறுத்தப்பட்டது. அவுட்போஸ்டும் 2015 கடைசியில் அப்படித்தான் முடிந்தது.

தகவல் விஷயமும் இருக்கிறது. இணையத்தில் நாம் போகும் இடங்களையெல்லாம் பார்க்கும் அனுமதியைப் பாதுகாப்பு மென்பொருளுக்குத் தருகிறோம். அவாஸ்ட் நிறுவனம் பயனர்களின் இணைய நடமாட்டத் தகவலைத் துணை நிறுவனம் ஒன்றின் மூலம் விற்றது என்ற வழக்கில், 2024-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. இலவசம் என்று நாம் போட்டுக் கொடுக்கும் பொருளுக்கு வாடிக்கையாளர் வேறு வழியில் விலை கொடுக்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எல்லாவற்றையும்விட நம் ஊரில் அதிகம் நடப்பது உரிமம் முடிந்துபோவதுதான். வெளிக் கம்பெனி ஃபயர்வாலைப் போட்டதும் அது பொறுப்பேற்றுக்கொள்ளும், விண்டோஸின் ஃபயர்வால் ஒதுங்கிக்கொள்ளும். ஒரே வாசலில் இரண்டு காவல்காரர் ஆளுக்கொரு உத்தரவு போட்டால் குழப்பம்தான் மிஞ்சும் என்பதால் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஓராண்டு கழித்து உரிமம் முடிந்ததும் எது வேலை செய்யும், எது செய்யாது என்பது பொருளுக்குப் பொருள் மாறும். புதுப்பிக்கச் சொல்லி மூலையில் வரும் பெட்டியை வீட்டில் மூடிவிட்டுப் போவார்கள். அடுத்த ஆண்டும் மூடுவார்கள். பழைய விதிகளோடும் பழைய பிழைகளோடும் ஒரு மென்பொருள் காவல் இடத்தில் உட்கார்ந்திருக்கும். பொருளை விற்ற அன்று நீங்கள் பொறுப்பாக இருந்தீர்கள். முடிந்த அன்று யார் பொறுப்பு?

என்னைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். ஆன்ட்டிவைரஸ் விற்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஃபயர்வால் இணைப்பைப் பார்க்கிறது, ஆன்ட்டிவைரஸ் கோப்பைப் பார்க்கிறது; இரண்டும் வேறு வேலை. சென்னையில் 1991-இல் தொடங்கிய கே7, புனேயின் குவிக் ஹீல் போன்றவை நம் நாட்டில் வளர்ந்த நிறுவனங்கள். மத்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா, இந்திய நிறுவனங்களோடு சேர்ந்து பாட் மால்வேரை நீக்கும் கருவிகளை இலவசமாகத் தந்துவருகிறது. பிள்ளைகள் எந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்று கட்டுப்படுத்த விரும்பும் பெற்றோர், நான்கைந்து கணினிகளை ஓரிடத்திலிருந்து கவனிக்க வேண்டிய சிறு அலுவலகம், தமிழிலோ ஆங்கிலத்திலோ போனில் பேசி உதவி கேட்க ஆள் வேண்டும் என்று நினைப்பவர் ஆகியோருக்குக் காசு கொடுத்து வாங்கும் பொருளில் பயன் உண்டு. அந்தப் பயனைச் சொல்லி விற்றால் அது நேர்மையான வியாபாரம். விண்டோஸில் ஃபயர்வாலே இல்லை என்றோ, இருப்பது சும்மா என்றோ பயமுறுத்தி விற்பதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

கடை வாடகையும் கரண்ட் பில்லும் எனக்குத் தெரியாததல்ல. கணினி விற்பதில் கிடைக்கும் லாபம் ஆன்லைன் விற்பனைக்குப் பிறகு மிகவும் சுருங்கிவிட்டது, ஆன்ட்டிவைரஸ் பெட்டியில்தான் நாலு காசு நிற்கிறது என்று உங்களில் ஒருவர் மனம் விட்டுச் சொன்னார். அதில் உண்மை இருக்கிறது. அப்படியானால் உங்கள் உழைப்பையே விலை போட்டு விற்கலாம். ஃபயர்வாலைச் சரியாக அமைத்து, ரூட்டர் பாஸ்வேர்டை மாற்றி, அப்டேட் ஓடுகிறதா என்று பார்த்து, தேவையான பேக்கப் எடுத்துக் கொடுப்பதற்கு ஒரு தொகை கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள். பெட்டிக்குக் கொடுக்கிற வாடிக்கையாளர், காரணம் சொன்னால் வேலைக்கும் கொடுப்பார். அந்த வருமானத்தை எந்த ஆன்லைன் கடையும் உங்களிடமிருந்து பிடுங்க முடியாது.

எந்த ஃபயர்வாலும் செய்யாத வேலை எது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று ஒருவன் போன் செய்து, எனிடெஸ்க்கோ டீம்வியூவரோ போடச் சொல்லி, வாடிக்கையாளரும் அந்த எண்ணைப் படித்துக் காட்டினால், அந்த இணைப்பு கணினியிலிருந்து வெளியே போவது, வீட்டுக்காரரே அனுமதித்தது. விண்டோஸ் ஃபயர்வாலும் விடும், வெளிக் கம்பெனி ஃபயர்வாலும் பெரும்பாலும் விடும். "இத போட்டுட்டீங்க, இனி பயமில்ல" என்று சொல்லி அனுப்பினால், அந்த வார்த்தையை நம்பி ஒருவர் ஏமாறக்கூடும். பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லி அனுப்புங்கள். எந்த மென்பொருளையும்விட அது உதவும்.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய லேப்டாப்கள் நம் மாவட்டத்தின் வீடுகளில் இன்றும் ஓடுகின்றன. பலவற்றில் விண்டோஸ் 7. அதற்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்துபோனது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. இப்படிப்பட்ட கணினிக்கு மேலே புதிதாக ஒரு ஃபயர்வாலை வாங்கிப் போட்டால் அடியில் இருக்கும் ஓட்டைகள் அடைபடாது. அந்தக் காசுக்கு ஒரு எஸ்எஸ்டி போட்டு, தொடர்ந்து அப்டேட் வரும் லினக்ஸ் ஒன்றை நிறுவிக் கொடுத்தால், இணையம் பார்க்கவும் பாடம் படிக்கவும் போதும். உபுண்டுவிலும் ஃபயர்வால் உள்ளேயே இருக்கிறது. ஆஃப் நிலையில் வரும், ஆன் செய்துவிட்டுக் கொடுங்கள். திருட்டு விண்டோஸைப் போட ஆக்டிவேட்டரை ஓட்டுவதற்காக டிஃபெண்டரையும் ஃபயர்வாலையும் நிறுத்துவதை அறவே கைவிடுங்கள். காவலை நிறுத்தினால்தான் ஓடுவேன் என்று சொல்லும் மென்பொருளை நம்ப என்ன காரணம் இருக்கிறது?

இன்று வீட்டுக் கணினி விளையாட்டுப் பொருளாக இல்லை. பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் கொடுப்பது அதில்தான். வில்லங்கச் சான்று எடுப்பதும் வருமான வரி கட்டுவதும் அதில்தான். வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் மினி டைடல் பார்க் திறக்கப்பட்டது. சென்னைக்குப் போகாமல் ஊரிலிருந்தே கம்பெனி வேலை செய்ய நம் பிள்ளைகளுக்கு வழி பிறந்துகொண்டிருக்கிறது. அவர்கள் லேப்டாப் பழுதானால் தூக்கிக்கொண்டு வரப்போவது உங்களிடம்தான். மற்றவர் தகவலும் அதில் இருக்கும்.

ஆகவே, நண்பர்களே, உங்களிடம் நான் கேட்பது இவைதான்.

ஃபயர்வால் ஆஃப் ஆன கணினியைக் கடையை விட்டு வெளியே அனுப்பாதீர்கள். பிரிண்டர் வேலை செய்யவில்லையா? வீட்டு நெட்வொர்க்கைப் பிரைவேட் என்று வைத்து, ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்கைப் பிரைவேட்டில் மட்டும் டிக் செய்யுங்கள், பப்ளிக்கில் வேண்டாம். டேலியா? அனுமதிக்கப்பட்ட மென்பொருள் பட்டியலில் டேலியை மட்டும் சேருங்கள். கேமராவைப் பார்க்கும் மென்பொருள் பெரும்பாலும் வெளியே போகும் இணைப்பைத்தான் கேட்கிறது, அதை விண்டோஸ் ஃபயர்வால் இயல்பு நிலையில் தடுப்பதில்லை; கோளாறை வேறு இடத்தில் தேடுங்கள். முன்பு யாரோ குழப்பி வைத்த கணினி என்றால் 'ரீஸ்டோர் டிஃபால்ட்ஸ்' என்ற ஒரு பட்டன் பழைய சிக்கலை எல்லாம் எடுத்துவிடும், அதன்பின் தேவையானதை மட்டும் திறந்துவிடுங்கள்.

வெளிக் கம்பெனிப் பொருளை விற்றால், விண்டோஸில் இருப்பதைவிட இதில் என்ன கூடுதல் என்று இரண்டு வரி சொல்லுங்கள். உரிமம் முடியும் தேதியைப் பில்லில் பெரிதாக எழுதுங்கள். புதுப்பிக்க விரும்பாதவர் வந்தால், அந்தப் பொருளை முழுவதுமாக நீக்கி, விண்டோஸ் ஃபயர்வால் பொறுப்பேற்றுவிட்டதைத் திரையில் காட்டி அனுப்புங்கள். காசு வாங்காமல் இதைச் செய்தால் அந்தக் குடும்பம் அடுத்த கணினிக்கும் உங்களிடமே வரும்.

வீட்டுக்குப் போய் வேலை பார்க்கும்போது ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மாற்றியதை ஒரு தாளில் எழுதி வீட்டுக்காரர் கையில் கொடுங்கள், உங்களிடம் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்களிடம் வேலை கற்றுக்கொள்ள வரும் பையன்களுக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் நாளை தனிக்கடை வைப்பவர்கள்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும் ஒரு வரி சேருங்கள்: "ஃபயர்வால்: ஆன். காப்பது: விண்டோஸ் / வேறு. சரிபார்த்தவர் கையொப்பம்." அச்சடிக்கக் கூடுதல் செலவில்லை, சரிபார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. விழுப்புரத்தில் ஒரு கடையும் திண்டிவனத்தில் ஒரு கடையும் நாளை காலை இதைத் தொடங்கினால் மற்றவர்களும் வருவார்கள், வாடிக்கையாளரும் கேட்டு வாங்கப் பழகுவார். நீங்கள் தொடங்க வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்,
திண்டிவனம்